கால் எட்டினால் மட்டும் போதுமா?



என் உயரம், நாலடி ஒன்பது அங்குலம். பெண் பார்க்க வந்தவர்கள் கூட இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. வண்டி வாங்கிய பிறகுதான், அது எனக்கே குறையாகத் தெரிந்தது.

எங்களுக்கு, திருச்சி உறையூர். 2017ல் என் கணவர், எனக்கென்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். வண்டி மேல் குற்றம் இல்லை. 125 சிசி, அகலமான சீட்டு, பார்க்கக் குதிரை மாதிரி இருக்கும். 'பக்கத்து வீட்ல, எதிர் வீட்ல எல்லாம் இதைத்தான் வச்சிருக்காங்க...' என்றார். அவர், ஐந்தடி எட்டு அங்குலம். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்ததும் அவர்தான். நான், கலர் மட்டும் சொன்னேன்.

எப்படியோ ஓட்டக் கற்றுக் கொண்டு விட்டேன். ஓடும்போது ஒரு பயமும் இல்லை. நிற்கும்போதுதான் வம்பு! சீட்டிலிருந்து முன்னால் நழுவி வந்து, ஒரு காலின் கட்டை விரலை ஊன்றி நிற்பேன். அதுவே பழகியும் போயிற்று.

2018ல் ஒரு நாள், பள்ளியிலிருந்து மகளை அழைத்து வரும்போது, எதிரே வந்த பஸ்சுக்கு ஒதுங்கி, ரோட்டோரம் நிறுத்தினேன். தார் ரோட்டுக்கும், பக்கத்து மண்ணுக்கும் அரையடி பள்ளம். இடது காலை ஊன்றப் போனால், அங்கே தரையே இல்லை! நூறு கிலோவுக்கு மேலுள்ள வண்டி சாயத் தொடங்கினால், பிடித்து நிறுத்த நம்மால் ஆகுமா? மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு, மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலது கையால் மட்டும் சமைத்த கதையை, இன்னொரு கடிதத்தில்தான் எழுத வேண்டும்.

'உனக்கு வண்டியெல்லாம் சரிப்படாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்...' என்றார் கணவர். அப்பவே தெரிந்தவர், ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. வண்டி, அவருடையதாகி விட்டது.

மூன்று வருடம் வண்டியைத் தொடவில்லை. 2021ல், ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். பகலுக்கு ஆள் வைத்தோம். காலைச் சாப்பாடும், ராத்திரிச் சாப்பாடும் நான்தான் கொண்டு போக வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் மாறிப் போவதற்குள், ரசம் ஆறிப் போகும். சமயத்தில் அம்மா தூங்கியே போவார். தினம் இரண்டு வேளை ஆட்டோ வைத்துக் கொள்ள, நாங்கள் என்ன ஜமீனா?

சீட்டுப் பணம் கைக்கு வந்தது. 'எனக்கு ஒரு வண்டி வேணும். இந்தத் தடவை நான்தான் பார்ப்பேன்...' என்று சொல்லி விட்டேன். (2018ல் அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் வந்தபோது, பாதி விலை அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தனர். வேலைக்குப் போகும் பெண்களுக்குத்தான். நாம் வீட்டில் செய்வது, அந்தக் கணக்கில் வராது!)

தையல் டேப், வழக்கமாக நான் போடும் தட்டைச் செருப்பு, கூடவே மகள். இப்படித்தான் ஷோரூம் ஏறி இறங்கினேன். கணவரும் வந்தார். ஒரு கடையில், விற்பனைப் பையன் என்னைப் பார்க்கவே இல்லை. 'மேடத்துக்குக் கட்டை விரல் எட்டினாப் போதும் சார். எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க...' என்று, அவரிடம் சொன்னான். 'கட்டை விரலை நம்பித்தான் தம்பி, கையை ஒடிச்சுக்கிட்டேன்...' என்றேன்.

நோட்டீசில் அச்சிட்டிருந்த சீட்டு உயரங்களைக் குறித்துக் கொண்டேன். ஸ்கூட்டி ஸெஸ்ட் 760 மி.மீ., ஆக்டிவா 764, ஜூபிடர் 765, ஸ்கூட்டி பெப் பிளஸ் 768. அதாவது, எல்லாமே ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்கம். கணக்குப்படி பார்த்தால், பெப் பிளஸ்தான் உயரம்! ஆனால், ஏறி உட்கார்ந்தபோது, அதில்தான் என் இரண்டு பாதங்களும் பாதிக்கு மேல் தரையில் பதிந்தன. எனக்கே ஆச்சரியம்.

அங்கிருந்த வயதான மெக்கானிக் ஒருவர்தான் விளக்கினார். 'சீட்டு அகலமா இருந்தா, தொடை விரிஞ்சு, காலோட நீளம் பக்கவாட்டுலயே போயிடும்மா. கால் வைக்கிற தட்டும் அகலமா இருந்தா, அதைச் சுத்தித்தான் காலைக் கீழே கொண்டு வரணும். ஒடுங்கின வண்டியில கால் நேரா இறங்கும்...' என்றார். நோட்டீசில், சீட்டின் அகலத்தை யாரும் போடுவதில்லை. டேப்பால் நாமேதான் அளக்க வேண்டும்.

அடுத்தது எடை. பெப் பிளஸ், 93 கிலோ, ஸெஸ்ட், 103, ஆக்டிவாவும், ஜூபிடரும் 107 கிலோ சுமாருக்கு இருந்தன. பெப் பிளசுக்கும் இவற்றுக்கும் 14 கிலோ வித்தியாசம். நம் சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் காஸின் எடை, 14.2 கிலோ. காலி சிலிண்டரை உருட்டுவதற்கும், நிறைந்ததை உருட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, நமக்குத் தெரியாதா என்ன!

ஓட்டிப் பார்ப்பதற்கு முன், நிறுத்தி வைத்தே சிலவற்றைச் செய்து பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்தபடியே, கால்களால் உந்தி, வண்டியைப் பின்னால் தள்ளினேன். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினேன். பிரேக், விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். (2019 ஏப்ரல் முதல், 125 சிசி வரை உள்ள புது வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் நிற்கும் வசதி கட்டாயமாகி விட்டது. ஸ்கூட்டரில் அது இடது கைப் பிரேக். அது எட்டாவிட்டால், வசதி இருந்து என்ன பயன்?) சென்டர் ஸ்டாண்டு போட்டேன். கையால் இழுக்கக் கூடாதாம். காலால் மிதித்து, உடம்பின் பாரத்தை அதன் மேல் இறக்கினால், தானாக ஏறுகிறது. இத்தனை வருடம், இடுப்பு வலியோடு இழுத்துக் கொண்டிருந்தேன்!

கடைசியில், மகளைப் பின்னால் உட்காரச் சொன்னேன். 12 வயசு. ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால், பாரம் முழுக்க இடது பக்கம் இழுக்கும். நம் இடது கால்தான் தாங்க வேண்டும். ஏறுவதற்கு முன், என் காதில், 'இந்தத் தடவை கீழே போட மாட்டியேம்மா?' என்றாள். அந்தக் கேள்விக்கு, ஜூபிடரில் உட்கார்ந்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஸெஸ்டில் சொல்லியிருக்கலாம். பெப் பிளசில், தயங்காமல் சொன்னேன்.

அதற்காக, பெப் பிளஸ் குறையில்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். 87.8 சிசிதான், சக்கரம் 10 அங்குலம். பள்ளத்தில் இறங்கினால் நன்றாகவே குலுக்கும். ஜூபிடரின் 12 அங்குலச் சக்கரத்துக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. மகளோடு தென்னூர் மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தபோது, மூச்சு வாங்கியது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். விற்பனைப் பெண், 'ஸெஸ்டே எடுத்துக்கங்க மேடம். 2015ல அனம் ஹாஷிம்னு ஒரு பொண்ணு, அதுல கார்துங் லா கணவாயே ஏறிட்டாங்க...' என்றாள். எனக்கு, இமயமலை வேண்டாம், ஸ்ரீரங்கம் போதும். தினமும் இரண்டு பேராக, மேட்டில் ஏறி இறங்க வேண்டியவர்கள், அவள் சொன்னதைக் கேட்கலாம். நான், பெரும்பாலும் தனியாள். கூட, ஒரு டிபன் கேரியர்.

பெப் பிளசையே எடுத்தேன். 'ஷாக் அப்சார்பரை மாத்தி, வண்டியை இன்னும் இறக்கிடலாம்...' என்று ஒருவர் ஆசை காட்டினார். அப்படிச் செய்தால், சென்டர் ஸ்டாண்டு போட வண்டியைக் கூடுதலாகத் தூக்க வேண்டி வரும் என்று, அதே மெக்கானிக் தடுத்து விட்டார். அதற்குப் பதில், சீட்டு தைப்பவரிடம் கொடுத்து, முன்பக்க ஓரங்களில் மட்டும் ஸ்பாஞ்சைச் சீவச் சொன்னேன். இப்போது, குதிகால் தவிர எல்லாமே தரையில் படுகிறது. ரோட்டோரம் மட்டும் இன்றும் நிறுத்துவதில்லை. தாரின் மேலேயே நின்று கொள்கிறேன். திட்டுபவர்கள் திட்டட்டும்.

இது, 2021ல் நான் பார்த்த வண்டிகளின் கணக்கு. மாடல்கள் மாறிக் கொண்டே இருக்கும். நீங்கள் போகும்போது, கடையில் இருப்பதை அளந்து பாருங்கள். செருப்பை மறந்து விடாதீர்கள். ஹீல்ஸ் போட்டு அளந்து வாங்கி, வீட்டுச் செருப்பில் ஓட்டப் போய் அவஸ்தைப்பட்டவர், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

அம்மாவுக்கு ரசம் சூடாகப் போய்ச் சேர்ந்தது. 'இவ்வளவு சீக்கிரம் எப்படிடி வந்தே?' என்று, குழறலாகக் கேட்டார். ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினேன்.

கணவர், தன் குதிரை ஒர்க் ஷாப்பில் இருக்கும் நாட்களில், என் வண்டியை எடுத்துப் போவார். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்று, திரும்பி வந்து ஒரே புலம்பல். என்ன செய்வது... கலர் மட்டும், அவரைக் கேட்டுத்தான் வாங்கினேன்!

— ஒரு வாசகி, உறையூர்.