ஐந்து ஸ்வரமும் எட்டு அட்சரமும்

பெங்களூரின் வடகிழக்கில் லிங்கராஜபுரம், குக் டவுன், கம்மனஹள்ளி என்று ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து புழங்குவதுபோல இசையும் கலந்தே புழங்குகிறது. தமிழ் ஆராதனை நடக்கும் தேவாலயங்களில் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் கிட்டார் இருக்கும். சற்றுத் தள்ளி ஏதாவது ஒரு வீட்டு மாடியில் சரளி வரிசை கேட்கும். இங்கே கிட்டார் கற்கத் தொடங்கும் ஒருவர் சில மாதங்களில் ஜி, டி, இ மைனர், சி என்ற நாலு கார்டுகளைப் பிடிக்கப் பழகிவிடுவார். அந்த நாலை வைத்துக்கொண்டே ஏராளமான பாட்டுகளுக்கு ஸ்ட்ரம்மிங் செய்யலாம். ஆனால் “நடுவுல கொஞ்சம் லீட் வாசிப்பா” என்று யாராவது சொல்லிவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: தியரி போதாது, ஸ்கேல் போதாது, இன்னும் நாலைந்து வருடம் போகட்டும். அது சரியான காரணம் இல்லை என்பது என் கட்சி. ஆறு தந்தி, இருபது சொச்சம் ஃபிரெட், எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விட்டுவிட்டால் தேர்ந்தவருக்கே திகைப்பு வரும். எல்லையைக் குறுக்கிக் கொடுத்தால், கார்டு மட்டும் தெரிந்தவரும் சொந்தமாக நாலு வரி வாசித்துவிட முடியும். அந்த எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் கிட்டார் புத்தகங்களோடு எனக்குச் சண்டை.

புத்தகங்கள் ஸ்வரத்தில் எல்லை போடுகின்றன. உலகம் முழுக்க லீட் வாசிக்கத் தொடங்குபவருக்குத் தரப்படும் முதல் பாடம் மைனர் பென்டடானிக், அதாவது ஐந்தே ஸ்வரம். ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்ளுங்கள். தடித்த ஆறாவது தந்தியில் 5, 8. ஐந்தாவது தந்தியில் 5, 7. நாலாவதிலும் 5, 7. இது ஏ என்ற ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் ஸ, க, ம, ப, நி, மேல் ஸட்ஜம். சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ஐந்தாவது தந்தியை எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே ஏ ஒலிக்கும் என்பதால் சுருதிப் பெட்டிகூட வேண்டாம். இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. விரல் வைக்கும் இடங்களை மாற்றாமல், ஆறாவது தந்தியின் 8ஆம் ஃபிரெட்டை ஸட்ஜமாக எண்ணி அங்கே போய் முடித்தால் அதே ஸ்வரங்கள் மோகனமாகிவிடும். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி. கர்நாடக இசையில் கிரகபேதம் என்று படிப்பது கிட்டாரில் ஒரே கைப்பிடிக்குள் கண்ணுக்குத் தெரிகிறது.

தொடக்கநிலையிலேயே கற்பனையாக வாசிக்க விடலாம் என்பதும் புதிய கருத்தல்ல. 1924இல் ம்யூனிக்கில் டோரத்தே குந்தரோடு சேர்ந்து பள்ளி தொடங்கிய கார்ல் ஓர்ஃப் வளர்த்த முறையில், சைலஃபோனிலிருந்து வேண்டாத கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஸ்வரத்தை மட்டும் குழந்தையின் முன்னால் வைப்பார்கள். குழந்தை எதைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. இந்தியாவில் பலர் எழுதும் ட்ரினிட்டி காலேஜ் லண்டனின் ராக் அண்ட் பாப் தேர்வில், ‘இனிஷியல்’ என்ற அடிமட்ட நிலையிலேயே மாணவர் விரும்பினால் இம்ப்ரொவைசேஷனைத் தேர்ந்தெடுக்கலாம். பத்து வருடம் பொறு என்று தேர்வுக் குழுகூடச் சொல்லவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எதைத் தட்டினாலும் உறுத்தாது என்றால் அதில் கற்பனைக்கு என்ன வேலை? பென்டடானிக் கற்ற பலர் அந்தக் கட்டத்துக்குள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே தொடங்கினார்கள், எங்கே முடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பிழை இல்லை, பேச்சும் இல்லை. இந்த மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஸ்வரத்தில் மட்டும் எல்லை போட்டால் இப்படித்தான் ஆகும். கற்பனாஸ்வரம் சொல்லித்தரும் ஆசிரியர் இங்கேதான் கெட்டிக்காரர். அவர் ராகத்தைக் கொடுப்பதோடு எடுப்பையும் கொடுக்கிறார்: என்ன வேண்டுமானாலும் பாடு, ஆனால் பல்லவி தொடங்கும் அந்த இடத்தில், அந்த ஸ்வரத்துக்குப் பொருத்தமாக வந்து சேர். முதலில் அரை ஆவர்த்தனம், பிறகு ஒன்று, பிறகு இரண்டு. தப்பு செய்ய இடம் இருப்பதால்தான் சரியாக வந்து சேர்வதற்கு ஒரு மதிப்பு வருகிறது. கிட்டார் புத்தகங்களில் விடுபட்டது இந்தக் கால எல்லை.

அதைக் கிட்டாருக்குக் கொண்டுவருவது எளிது. ப்ளூஸ் இசையின் அடிப்படை அமைப்பில் 12 பார், பாருக்கு 4 அடி, மொத்தம் 48. ஆதி தாளத்தின் 8 அட்சரத்தால் வகுத்தால் சரியாக 6 ஆவர்த்தனம். கார்டு மாறும் இடங்களும் அநேகமாக அதோடு ஒத்துப்போகின்றன: ஏ கார்டில் 2 ஆவர்த்தனம், டி கார்டில் 1, மறுபடி ஏயில் 1, இ-யும் டி-யும் ஆளுக்குப் பாதியாக 1, கடைசியாக ஏக்குத் திரும்ப 1. தொடையில் தாளம் போடத் தெரிந்த ஒருவர் இந்த அமெரிக்க இசைக்குள் வழி தவறவே மாட்டார். பயிற்சியாக, லகுவின் நாலு அட்சரத்தில் ஒன்றும் வாசிக்காமல் சும்மா இருக்கவேண்டும்; இரண்டு திருதத்தில் மட்டும் மூன்றோ நாலோ ஸ்வரம் வாசித்து, அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும் இடமான சமத்தில் ஸட்ஜத்தில் வந்து விழவேண்டும். அது கைவந்தபின் முதல் ஆவர்த்தனத்தைப் பஞ்சமத்தில் நிறுத்தி, இரண்டாவதை ஸட்ஜத்தில் முடிக்கலாம். கேள்வியும் பதிலும் ஆகிவிட்டது. வாசிக்காமல் விடும் அந்த நாலு அட்சரம்தான் கற்பவருக்கு மிகக் கடினம். கை சும்மா இருக்காது.

அடுத்த படி சொல்கட்டு. அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம் என்றால் ஓர் ஆவர்த்தனத்தில் 16 இடம். முதல் இடத்தைச் சும்மா விட்டு, ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை வாசித்தால் 15. பதினாறும் தீர்ந்து சமத்தில் ஸட்ஜம். மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு இது சர்வசாதாரணம். பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் இந்தக் கணக்கை ஜாஸ் உலகத்துக்கும் கொண்டுபோனது. அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ, ஜாஸில் நன்றாகப் பெயர் வாங்கிய பிறகு நாகஸ்வரம் கற்க உட்கார்ந்தவர்; அவரும் பாடகி ஆர்.ஏ. ராமமணியும் இந்தக் கல்லூரிக் குழுவோடு சேர்ந்து 1983இல் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டைத் தந்தார்கள். இது வெறும் கணக்கு, கற்பனை எங்கே என்று கேட்கலாம். ஐந்து இடத்தில் ஐந்து ஸ்வரங்களை மாற்றி மாற்றி வைத்தால் 3,125 வகை வரும். சொல்கட்டு எங்கே முடியும் என்ற கவலையை எடுத்துக்கொள்கிறது. எந்த ஸ்வரம் என்று யோசிக்க மட்டும் மனம் மிச்சமிருக்கிறது.

மரபின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் வேறு. நம் சங்கீதத்திலேயே மனோதர்மம் கடைசியில்தானே வருகிறது. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி எல்லாம் தாண்டித்தானே? உண்மைதான். ஆனால் வர்ணத்தின் சரணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரக் கோவையும் முந்தையதைவிடப் பெரும்பாலும் நீண்டு, ஒவ்வொரு முறையும் சரண வரிக்கே திரும்பி வருகிறது. திரும்பி வந்து சேரும் வித்தையை மரபு சீக்கிரமாகவே, மனப்பாடமாகவே ஊட்டிவிடுகிறது. காத்திருக்கச் சொல்வது ராகத்துக்காக. அது நியாயம். ஐந்து ஸ்வரம் வரிசையாக வாசித்தால் மோகனம் ஆகிவிடாது. கமகம் வேண்டும், பிடிகள் வேண்டும், அவை கிருதிகளைக் கேட்டும் பாடியும்தான் வரும். ஃபிரெட் பதித்த கிட்டாரில் இயலாது என்பதில்லை. கிட்டார் கலைஞர் பிரசன்னா அதில் முழுக் கச்சேரியே செய்கிறார். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார்; ஷக்தி குழுவுக்காக, ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வைத்துக்கொண்டார், தந்தியை வீணைபோல் இழுக்க. தொடக்கக்காரருக்கு அந்த ஆசை இப்போது வேண்டாம். தான் வாசிப்பதை மோகனம் என்று சொல்லிக்கொள்ளாமல், மோகனத்தின் ஸ்வரங்கள் என்று சொன்னால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. விரல் தானாக ஓடும் பாதை வேறு, காது கேட்கும் பாதை வேறு. வாசிக்குமுன் வாயால் பாடிவிட்டு, பாடியதை மட்டும் தந்தியில் தேடுவது மெதுவான வேலை. ஆனால் கட்டத்துக்குள் ஓடும் நோய்க்கு அதைவிட நல்ல மருந்து தெரியவில்லை. அப்படிப் பாடிப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் ஐந்து ஸ்வரம் போதாமல் வாய் வேறொன்றைத் தேடும். அப்போது ஆறாவது தந்தியின் 7ஆம் ஃபிரெட்டில் ரிஷபத்தையும், நாலாவது தந்தியின் 4ஆம் ஃபிரெட்டில் தைவதத்தையும் சேர்த்துக்கொண்டால் கரகரப்ரியாவின் ஏழு ஸ்வரமும் கைக்கு வந்துவிடும். ஜாஸ்காரர்கள் அதை டோரியன் என்பார்கள். 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டின் முதல் உருப்படியான ‘ஸோ வாட்’ இந்த டோரியனிலேயே நிற்கிறது. 16 பார் டி-யில், 8 பார் அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பார் டி-யில், மொத்தம் 32 பார். கார்டுகள் நெருக்கியடித்த ஜாஸில் இப்படி இடம் விட்டதுதான் அன்று புதுமை. தாளம் போட்டால் 16 ஆவர்த்தனம். கைப்பிடியை ஐந்து ஃபிரெட் மேலே தள்ளி 10ஆம் ஃபிரெட்டில் வைத்துக்கொண்டு, அந்த நடுப்பகுதிக்கு மட்டும் 11க்கு நகர்ந்தால், இசைத்தட்டோடு கூடவே வாசிக்கலாம்.