மௌனம் சம்மதமாகுமா?

மயக்க மருந்து செலுத்தப்பட்ட நோயாளியை வைத்தியர் பெயர் சொல்லி அழைக்கிறார். பதில் இல்லை. உணர்வு போய்விட்டதென்று தீர்மானித்துக் கத்தியை எடுக்கிறார். சாக்ஷி வாய் திறக்கவில்லை, ஆகையால் அவன் ஒன்றையும் அறியான் என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னால் நாம் ஒப்புவோமா? பேசாமை வேறு, அறியாமை வேறு அன்றோ?

1846-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுக்க, வாரன் என்னும் நிபுணர் ரணசிகிச்சை செய்து காட்டினார். அன்று முதல் மனித குலம் அடைந்துவரும் பெருநன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது என்பதை மூளையிடமே விசாரிக்கும் சாதனங்கள் வெகுகாலம் கழித்தே வந்தன.

மண்டையின் மேற்புறத்திலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யலாமென்று ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டார். இக்கருவி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நேரும் மாறுதலையும் காட்டும். ஆனால் அது மூளையின் எந்த மூலையில் நேர்ந்ததென்று திட்டமாகச் சொல்லாது. ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் ஏற்றத்தாழ்வைக் காந்தப் படத்தில் காணலாமென்று 1990-ல் ஸெய்ஜி ஒகாவா காட்டினார். இப்படம் இடத்தைச் சொல்லும். ஆனால் ரத்தம் மெதுவாகவே பெருகுவதால் சில விநாடிகள் பிந்திச் சொல்லும். ஒன்று காலம் அறிந்த சாக்ஷி, மற்றொன்று இடம் அறிந்த சாக்ஷி. இருவரையும் ஒருங்கே விசாரிப்பது எளிதன்று. காந்தத்தின் இரைச்சலும், இருதயத் துடிப்பால் உண்டாகும் அசைவும் மின்னலைகளைக் கெடுத்துவிடும். அவற்றைக் கணிதத்தால் கழித்த பிறகே உண்மை துலங்கும்.

ஆக்ஸ்போர்டு நிபுணர்கள் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இம்முறையின் பயனை விளக்கும். 16 பேருக்குப் புரோபோபால் என்னும் மருந்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். அவர்கள் மறுமொழி கூறுவதை நிறுத்திய பின்னரும், விநாடிக்கு ஒன்று என்ற அளவில் எழும் மந்த அலைகள் வலுத்துக்கொண்டே போயின. பிறகு ஓர் எல்லையை அடைந்தன. அதற்குமேல் மருந்தைக் கூட்டியும் அவை வளரவில்லை. இவர்களில் 12 பேருக்கு இரு கருவிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மந்த அலைகள் அவ்வெல்லையை நெருங்குகையில், புலன்களின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் தாலமஸும் அப்புறணியும் வெளியுலகத்தினின்று துண்டிக்கப்பட்டன. அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள உட்பேச்சோ நிற்கவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறது. வாசற்கதவு மட்டும் அடைபட்டது. இதில் நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், வாய் அடங்கியது முன்னே, கதவு அடைபட்டது பின்னே.

இந்த இடைவெளி வெறும் ஏட்டுச் சங்கதியன்று. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒரு கைக்கு மட்டும் எட்டாதபடி பட்டையால் இறுக்கி, அக்கையை அசைக்கச் சொல்லிப் பார்க்கும் முறையை டன்ஸ்டால் 1977-ல் வகுத்தார். பல தேசத்து ஆஸ்பத்திரிகளில் இம்முறையில் சோதிக்கப்பட்ட 260 பேரைப் பற்றிய அறிக்கை 2017-ல் வெளிவந்தது. 12 பேர் கட்டளையைக் கேட்டுக் கையை அழுத்தினார்கள். அவர்களில் 5 பேர் வலி இருப்பதாகவும் கையாலேயே தெரிவித்தார்கள். விழித்தபின் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. ஞாபகமில்லாத துன்பம் துன்பமே அல்லவென்று யார் சொல்லத் துணிவர்?

இதைக் கேட்டு ரணசிகிச்சைக்கு அஞ்சுவது பேதைமை. ஆக்ஸ்போர்டில் சோதிக்கப்பட்டோர் தொகை சிறிது. பெருந்தொகையான நோயாளிகளிடம் இம்முடிவு நிலைநாட்டப்பட வேண்டும். எனினும் வழி தெரிந்துவிட்டது. காந்த யந்திரத்தைச் சிகிச்சைக் கூடந்தோறும் வைக்க இயலாது, வைக்கவும் வேண்டாம். மின்னலை இன்னது சொல்கிறதென்று அப்பெரிய யந்திரம் ஒருமுறை அர்த்தம் சொல்லிக் கொடுத்தால், பிறகு நெற்றியில் ஒட்டும் சிறிய கருவியே போதும். மந்த அலையின் எல்லை ஆளுக்கு ஆள் வேறு. ஆதலால் உடலின் எடையைப் பார்த்து மருந்தளப்பதோடு நில்லாமல், அவரவர் மூளையையே கேட்டு அளக்கும் முறை வரவேண்டும். தர்மாஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஏழைக்கும் அது கிட்டவேண்டும்.

தன் உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பேச்சற்றுக் கிடப்பவனுக்கு வேறு வக்கீல் இல்லை. அவனுடைய மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளாமல், அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று விசாரிப்பதே அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தும்.