விரல் நுனி போன கிட்டார் கலைஞர்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலை பார்த்த 17 வயது டோனி அயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. இடது கைப் பழக்கக்காரர். கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். சும்மா இருந்தாரா? பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார்.

அவருடைய ‘பிளாக் சப்பாத்’ குழுவின் முதல் ஆல்பம் 1969இல் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதே ஆண்டில் இரண்டாவது ஆல்பம் ‘பாரனாய்டு’. ஆல்பத்தின் நீளம் போதவில்லை என்று அவசரமாகப் போட்ட தலைப்புப் பாடல்தான் ஊரெல்லாம் ஒலித்தது! 1971இல் மூன்றாவது ஆல்பம். அதில் சில பாடல்களுக்குத் தந்தியைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார் அயோமி. விரலுக்கு வலி குறைந்தது, இசைக்குக் கனம் கூடியது.