உங்களுக்குத் தெரியுமா? வெள்ளத்தில் மூச்சடக்கும் நெல்

நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் பயிர் முழுதாக மூழ்கி ஒரு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் அழுகிவிடும். காரணம் பயிரின் பதற்றமே. மூழ்கியதும் காற்றைத் தேடிச் சரசரவென்று உயர்கிறது. சேமித்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழிக்கிறது. வெள்ளம் வடியும்போது நிமிர்ந்து நிற்கத் தெம்பிருக்காது.

ஒடிசா உழவர்கள் வழிவழியாகக் காத்த நாட்டு நெல்லிலிருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ ரகமோ மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். கலிஃபோர்னியாவின் டேவிஸ், ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து இதற்குக் காரணமான 'சப்1ஏ' மரபணுவை அடையாளம் கண்டு 2006-இல் வெளியிட்டனர். அதை வழக்கமான இனக்கலப்பு முறையிலேயே 'ஸ்வர்ணா' ரகத்தில் சேர்த்தார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. 'ஸ்வர்ணா சப்1' 2009-இல் இந்தியாவில் வெளியானது. ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். விளைச்சலும் ருசியும் பழையபடியே. ஆய்வகத்தின் பெருமையில் பாதி, அந்த விதையைக் கைவிடாத ஒடிசா உழவருக்குரியது என்பேன்.

ஆனால் பயிரை அரைகுறையாக மூழ்கடித்து வாரக்கணக்கில் தேங்கும் நீருக்கு இந்த மரபணு தீர்வாகாது.

நம் டெல்டாவில் பழக்கமான சி.ஆர்.1009 நெல்லுக்கும் 'சப்1' சேர்த்த ரகம் உண்டு. பள்ளக்கால் வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த சம்பாவுக்கு முன் வேளாண் விரிவாக்க மையத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.