ஒரு சொட்டுக் கசிவு... இன்ஜினையே சாய்க்கும்!

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குள் வண்டி ஓட்டுவது பெரும்பாடு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். செங்கம் சாலையில் காய்கறி மூட்டையோடு வரும் ‘குட்டி யானை’ முதல் கியரிலேயே ஊர்ந்துதான் உள்ளே வரமுடியும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், எதிர்க்காற்று இருக்காது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சரக்கோடு ஏறும் வண்டிகளுக்கு ஜவ்வாது மலை ஏற்றமும் இதே சோதனைதான். சாதாரண நாளில் தாக்குப்பிடித்த வண்டி, இந்த மாதிரி இடத்தில் ஆவி கக்கிக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும். காரணம் பெரும்பாலும் அன்றைக்கு வந்தது அல்ல. பல நாளாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்த ஒரு எல்போவோ, டீயோ, ஹோஸ் கிளிப்போதான்.

‘தினமும் ரேடியேட்டரில் அரை லிட்டர் ஊற்றினால் வண்டி ஓடுகிறதே’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் ஆபத்து. ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல், மூடியைப் பொறுத்து 115 முதல் 120 டிகிரி வரை தாங்கும். கேஸ்கட் தேய்ந்த குக்கரில் விசில் வராதல்லவா? அதேபோல ஹோஸ் இணைப்பு கசிந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அளவு இன்னும் குறைந்தால் சூடு காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் ஆவியில் நிற்கும். அப்போது மீட்டர் முள் ஏறாமல் இறங்கியே காட்டக்கூடும். முள்ளை நம்பி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகை வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தாலோ விஷயம் கைமீறிவிட்டது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் எண்ண வேண்டியதுதான்.

இணைப்பு ஏன் பழுதாகிறது? இப்போதைய இன்ஜின்களில் பல எல்போக்கள் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சொட்டுநீர்ப் பாசனத்தில் வெயிலில் கிடந்த டீ மாதிரியே மொறுமொறுவென்று ஆகி விரிசல் விடும். இன்னொரு காரணம் போர்த் தண்ணீர். வெந்நீர் அண்டாவில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். உப்பு, அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டில் உள்ள மருந்து அரிப்பைத் தடுக்கும். அதோடு கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்தான். கலக்கும் விகிதத்துக்கு வண்டிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி என்பது வழக்கம்.

வேலையைத் தொடங்கும் முன் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பிரிப்பது நல்லது. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். அடியில் ஒரு அன்னக்கூடையை வைத்து, கீழ் ஹோஸைக் கழற்றிக் கூலன்ட்டை இறக்க வேண்டும். ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் எல்போவின் வாய் உடையும். ஹோஸையும் மாற்றப்போகிறோம் என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம். எல்போ உட்காரும் இடத்தில் பழைய பேக்கிங் துணுக்கு, உப்புப் படிவு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. சுரண்டும்போது அலுமினியத்தில் கோடு விழாமல் பார்ப்பது முக்கியம். அந்தக் கோடு வழியாகவே மறுபடி கசியும்.

புது ஓ-ரிங்கைக் கூலன்ட்டில் நனைத்துப் போட்டால் போதும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று அதன்மேல் பசை தடவுவது வேண்டாத வேலை. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போனால் மெக்கானிக் ஷெட்டோடு நிற்காது, லேத் பட்டறைக்குப் போக வேண்டிவரும். ஹோஸ் கிளிப், எல்போவின் வாயில் இருக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். மேட்டின்மேல் உட்கார்ந்தால் நழுவும்.

பலர் தவறவிடுவது, உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்றுவது. மோட்டார் குழாயில் காற்றுக் கட்டிக்கொண்டால் தண்ணீர் ஏறாத கதைதான் இங்கேயும். வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, மூடி திறந்தபடியே கூலன்ட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடேறும்வரை குமிழிகள் வரவரக் கூலன்ட்டைச் சேர்த்து, நிரம்பியதும் மூடியைப் போடலாம். காற்றுப் போக்கும் ஸ்க்ரூ தனியாக உள்ள இன்ஜின்களில் அதைத் திறந்துவிட வேண்டும்.

மாடு கட்டும் வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு. பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். லேசாக இனிக்கும், நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிடும். சிறிதளவு போனாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்து. குடித்த விலங்கு முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும். கொஞ்ச நேரத்தில் தெளிந்ததுபோலத் தெரியலாம்; அதை நம்பிக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இறக்கிய கூலன்ட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள கேனில் ‘விஷம்’ என்று எழுதி வைத்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்கலாம். வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டக் கூடாது. தரையில் சிந்தியதை மணல் போட்டு அள்ளிவிட வேண்டும்.

வேலை முடிந்த இரவு, இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுப் படுக்கலாம். காலையில் அட்டை காய்ந்திருந்து, ரிசர்வ் டப்பாவிலும் அளவு இறங்காமல் இருந்தால் அடுத்த பௌர்ணமிக்குக் காய்கறி ஏற்றலாம்.