கையேட்டில் இருக்கும் பிழையும் பிழைதான்

நிரல் ஒன்று தவறாக இயங்கினால் அதைப் பிழை என்று பதிவு செய்து திருத்துகிறோம். அந்த நிரலைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் கையேட்டுப் பக்கம் தவறாக இருந்தால், பல திறமூலத் திட்டங்களில் அது நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளும் வேலையாகத் தள்ளிப்போகிறது. தியோ டி ராட் 1995-இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் இந்தப் பாகுபாட்டை ஏற்பதில்லை. கையேட்டுப் பிழையை அது நிரல்பிழையாகவே நடத்துகிறது. நிரலின் போக்கை மாற்றுகிறவர் அதன் பக்கத்தையும் கூடவே மாற்றியாக வேண்டும். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற அந்த இயங்குதளத்திடமிருந்து மற்றவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்பது என் வாதம்.

கட்டளைத் திரையில் ‘மேன்’ என்று தட்டி, அடுத்து ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் வருவதுதான் கையேட்டுப் பக்கம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியிட்டது. அந்தப் பக்கங்களில் ‘பிழைகள்’ என்றே ஒரு தலைப்பு உண்டு. தெரிந்த குறையை மறைக்காமல் எழுதிவைக்கும் இடம் அது. அந்தக் கையேட்டை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் டக் மெக்கில்ராய். விளக்கி எழுத வேண்டிய கட்டாயமே நிரல்களைச் சீராக்கியது என்பது அவர் அனுபவம். இரண்டு பத்தி விதிவிலக்கு எழுதினால்தான் புரியும் என்ற நிலையில் ஒரு கட்டளை இருந்தால், அதை எழுதுவதைவிட விதிவிலக்கை நீக்குவது சுலபம். விளக்க உட்காரும்போதுதான் வடிவமைப்பின் கோணல் கண்ணில் படுகிறது. ஆவணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் இழப்பது இந்தச் சோதனையை.

ஒரு பக்கம் எவ்வளவு தூரம் உதவ முடியும் என்பதற்கு ஓப்பன்பிஎஸ்டியின் ‘மேலாக்’ பக்கமே போதும். நினைவகத்தில் இடம் கேட்கும் செயற்கூறு அது. பல உருப்படிகளுக்கு இடம் கேட்கும்போது, எண்ணிக்கையை அளவால் பெருக்கி அந்தத் தொகையைக் கொடுப்பது நிரலர்களின் வழக்கம். பெருக்குத்தொகை கணினி எண்ணின் உச்சவரம்பைத் தாண்டினால் விடை சிறிய எண்ணாகச் சுருங்கிவிடும். தேவையைவிடக் குறைவான இடம் கிடைக்கும். அதை அறியாத நிரல் எல்லைக்கு வெளியே எழுதத் தொடங்கும். தாக்குதல் நடத்துகிறவர்கள் நுழையும் வழிகளில் இது ஒன்று. அந்தப் பக்கம் இந்த ஆபத்தான வரியையே எடுத்துக்காட்டாகத் தந்து, இப்படி எழுதாதீர்கள் என்று எச்சரிக்கிறது. பெருக்கலைத் தானே சரிபார்க்கும் ‘ரீஅலாக்அரே’யைப் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே வாங்கிய இடத்தை நீட்டிக்கும்போது நேரும் தவறுக்கும் தவறான வடிவம், சரியான வடிவம் இரண்டையும் காட்டுகிறது. நிரலை எழுதி முடித்தபின் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஓட்டையை, எழுதும் நேரத்திலேயே தடுக்கும் வேலை இது. இதைப் பாதுகாப்புப் பணி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இணையத்தில் தேடினால் விடை கிடைக்கும்போது இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் இணையம் தரும் விடை யாருடைய கணினிக்கான விடை? கோப்பை அங்கேயே திருத்தும் ‘செட்’ கட்டளையின் ‘ஐ’ விருப்பக்குறியைப் பாருங்கள். காப்புப்பிரதிக்கான பின்னொட்டை அதனுடன் சேர்ப்பது லினக்ஸில் புழங்கும் க்னூ வடிவத்தில் விருப்பம், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கட்டாயம். ஒன்றுக்குச் சரியான வரி மற்றொன்றில் பிழை தரும், அல்லது எதிர்பாராத பொருள் கொள்ளும். கணினியில் நிறுவப்பட்ட பக்கம் அந்த இயங்குதளத்தின் அந்தப் பதிப்போடு சேர்ந்து வந்தது. பிணைய அமைப்பே பழுதாகி இணையம் இல்லாதபோது அந்த அமைப்பைச் சரிசெய்யக் கையில் இருப்பதும் அதுதான்.

நிரலர்களுக்கு நன்றாக எழுத வராது என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. எல்லோரிடமும் நல்ல உரைநடையை எதிர்பார்க்க முடியாது. உண்மையான தகவலை எதிர்பார்க்கலாம். நடையைச் செம்மை செய்ய வேறொருவர் வரலாம், ஒரு விருப்பக்குறி என்ன செய்கிறது என்பதை அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். கருவிகளும் கைகொடுக்கின்றன. பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் உருவாக்கிய ‘எம்டாக்’ குறிமொழியில், எழுத்து தடிமனாக வேண்டுமா என்று யோசிக்க வேண்டியதில்லை. இது விருப்பக்குறி, இது கோப்புப்பெயர் என்று குறித்தால் போதும். கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் 2008-இல் தொடங்கிய ‘மேன்டாக்’ அந்தக் குறிகளைப் படித்துத் திரைக்கும் வலைக்கும் வடிவமைக்கிறது, எழுதியவர் செய்த குறிமொழித் தவறுகளையும் சுட்டுகிறது.

கடினமான மறுப்பு ஆள்பலம் பற்றியது. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்துவந்த அலெஹாந்த்ரோ கோலோமர், ஊதியமின்றித் தொடர இயலாது என்று 2024-இல் அறிவித்தார். அதன்பிறகே சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன. உலகின் பெரும்பாலான சேவையகங்கள் லினக்ஸை நம்பி ஓடும்போது, அதன் முதன்மையான கையேடு ஒருவருடைய ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது வருந்தத்தக்கது. நிரலைத் தனியாகவும் கையேட்டைத் தனியாகவும் வைத்ததன் விலை இது: மாற்றத்தைச் செய்கிறவர் ஒருவர், அதைத் துரத்திப்பிடித்து எழுதுகிறவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே திருத்தத்தில் கேட்டால் சுமை பலருக்குப் பகிர்ந்துவிடும். லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் தன் கொள்கையில், கையேட்டுப் பக்கம் இல்லாத நிரலைப் பிழையுள்ளதாகப் பதிவுசெய்யலாம் என்கிறது. அதற்கு அடுத்த படி, பக்கத்தைத் தொடாத திருத்தத்தைச் சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்புவது. புதிதாக வருகிறவர்களுக்கும் இதில் இடமுண்டு: ஒரு கட்டளையின் மூலநிரலையும் அதன் பக்கத்தையும் அருகருகே வைத்து, நிரல் ஏற்கும் விருப்பக்குறிகளில் பக்கத்தில் விடுபட்டவை எவை என்று பார்த்து, அவற்றை ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்பலாம்.