சேலத்துக்கு வந்த முதல் நாயகி

சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குப் போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்திருப்பீங்க. அந்த ஸ்டுடியோவின் முதல் படத்துக்குக் கதாநாயகி யார் தெரியுமா?

கடல் தாண்டி இலங்கையிலிருந்து வந்த கே. தவமணி தேவி! 1937-ல் ஸ்டுடியோ அதிபர் டி.ஆர். சுந்தரம் தயாரித்த ‘சதி அகல்யா’வில் அவர்தான் அகலிகை. திரையில் அவருக்கும் அதுதான் முதல் படம். அந்தக் காலத்தில் நடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, சொந்தக் குரலில் பாடவும் வேணும். தவமணிக்கு இரண்டும் கைவந்தது.

துணிச்சலும்தான்! நாயகி என்றால் கண்டாங்கிச் சேலையும் கண்ணீரும் என்றிருந்த நாளில், ‘வனமோகினி’ படத்தில் காட்டுப் பெண்ணாக, யானையோடு வந்து நின்றார். ஹாலிவுட் நடிகை டொரத்தி லமூர் கட்டுவது மாதிரி, தோள் தெரிய ஓர் உடை. இன்றைக்கு நினைத்தாலும் அது பெரிய தைரியம். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான ‘ராஜகுமாரி’யிலும், அவரை மயக்கப் பார்க்கும் அரசியாக வந்தவர் இவர்தான்.

பிறகு சினிமாவை விட்டு விலகி, ராமேஸ்வரத்தில் அமைதியாக வாழ்ந்து, 2001-ல் மறைந்தார்.

ஸ்டுடியோ இன்றைக்கு இல்லை, வளைவு நிற்கிறது. அடுத்த தடவை ஏற்காடு பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் தவமணி தேவியின் பெயரையும் சொல்லுங்க.